அண்ணன் ஏன் அந்தப் பயற்றைத் தொடவில்லை?

அன்புள்ள ஆலோசகருக்கு,

அம்மா மறைந்து எட்டு மாதம் ஆகிறது. கையில் காசில்லாத நாட்களில் அவர் செய்தது காய்ந்த பயறும் வெங்காயமும்தான். ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் பயறு, மூன்று வெங்காயம், உப்பு, கொஞ்சம் எண்ணெய். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே நீட்டி, ஆளுக்கு இரண்டு கரண்டி ஊற்றுவார்.

நான் ஆறு முறை செய்து பார்த்துவிட்டேன். ருசிக்காகத் தக்காளியும் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் வைக்கிறேன். பயறு சரியாகக் குழைவதில்லை. அந்த வாசனையும் வருவதில்லை. போன வாரம் அண்ணனையும் தங்கையையும் சாப்பிட அழைத்தேன். தங்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழுதாள். அண்ணன் தட்டை நகர்த்தி, "இல்லாமையைப் போய்க் கொண்டாடுகிறாயே" என்று எழுந்து போய்விட்டார். அம்மாவையே ஒதுக்கியதுபோல் இருந்தது. இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவுடனான பிணைப்பு நழுவுவதாக நீங்கள் அஞ்சுவதில் பாதி, பாத்திரத்துக்குள் நடக்கும் வேதியியல்தான்.

தக்காளியின் புளிப்பு, பயற்றின் செல்சுவரை இறுகப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருளை எளிதில் கரையவிடாது. அதனால் நெடுநேரம் வைத்தாலும் தோல் விறைப்பாகவே நிற்கலாம். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, வெறும் தண்ணீரில், இரு விரலுக்கிடையில் நசுங்கும்வரை வேகவையுங்கள். புளிப்பு எதுவானாலும் அதற்குப் பிறகுதான். அப்படியும் வேகவில்லையென்றால் பயறு நெடுநாள் இருப்பில் கிடந்ததாக இருக்கலாம், இல்லையேல் தண்ணீர் கடினநீராக இருக்கலாம்.

வாசனை விஷயம் வேறு. குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, உள்ளே எல்லாம் ஈரம். வெங்காயம் நன்றாகச் சிவந்து மணக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈரம் வற்றினால்தான் அந்த வெப்பம் ஏறும். மூன்று வெங்காயத்தையும் மெல்லியதாக நறுக்கி, அகலமான அடிகனமான பாத்திரத்தில், சிறுதீயில் 30 முதல் 40 நிமிடம் வதக்க வேண்டும். அது ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கும். அடியில் ஒட்டுவதை வேகவைத்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டுச் சுரண்டிச் சேருங்கள், நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கும், நடு பச்சையாகவே இருக்கும். குறைந்த காசில் சமைப்பவர் ருசிக்காகத் தாராளமாகப் போடக்கூடிய ஒரே பொருள் நேரம். குக்கரில் நீங்கள் மிச்சப்படுத்தியது அதைத்தான்.

இன்னொன்று: அத்தனை நேரம் அடுப்பருகே நின்ற மூக்குக்கு அந்த வாசனை பழகி, உறைக்காமல் போய்விடும். 'வாசனை வரவில்லை' என்பது களைத்த மூக்கின் தீர்ப்பாகவும் இருக்கலாம். இறக்கியதும் கால் மணி நேரம் வெளிக்காற்றில் இருந்துவிட்டு வந்து ருசி பாருங்கள்.

இனி தங்கையின் கண்ணீர். பார்ப்பதும் கேட்பதும் மூளையின் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே உள்ளே போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேரே போய்விடும். வாசனை கிளப்பும் நினைவுகளில் பலவும் வாழ்வின் முதல் பத்து வருடங்களைச் சேர்ந்தவை. சுவை சரியில்லை என்று நீங்கள் நினைத்த அந்த ஒரு வாயே அவளை அங்கே கொண்டுபோயிருக்கிறது.

அண்ணனும் அதே வீட்டுக்குத்தான் போனார், வேறு வாசல் வழியாக. கடைசிப் பிள்ளைக்குத் தெரிந்தது சூடான தட்டு. மூத்த பிள்ளைக்குப் பானையின் அடி தெரிந்திருக்கும்: எவ்வளவு மிஞ்சியது, யார் கடைசியாகச் சாப்பிட்டார், யார் 'பசியில்லை' என்றார் என்று. இது என் ஊகம்தான். அவரிடம் கேட்காமல் முடிவு கட்டாதீர்கள். ஆனால் தட்டை நகர்த்தியவர் அம்மாவைத்தான் நகர்த்தினார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அம்மா சாப்பிடாத நாட்களை நினைத்தும் ஒருவருக்குத் தொண்டை அடைக்கலாம்.

சாப்பாட்டு வேளையில் இதைப் பேசாதீர்கள். தனியாக நடந்துபோகும்போது, "அந்த நாட்களில் அம்மா சாப்பிட்டாரா, அண்ணா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். என்ன சொன்னாலும், "ஆனாலும் ருசியாகத்தானே இருந்தது" என்று மறித்துவிடாதீர்கள். உங்கள் இனிய நினைவை அவர் வலிக்குப் பதிலாக வைத்தால் அவர் மீண்டும் எழுந்து போவார். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அண்ணனுக்கு மனமிருந்தால், மூவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், நினைவிருப்பதை எழுதலாம்: நிறம், கெட்டி, யார் பரிமாறினார், யார் எங்கே உட்கார்ந்தார். ஒருவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர் நினைவும் அதன் பக்கம் சாய்ந்துவிடும். குறிப்புகள் பொருந்தாத இடங்களைத் திருத்த முயலாதீர்கள்.

தொடருங்கள். எட்டு மாதத்தில் இப்படிச் சமைப்பது துக்கத்தின் இயல்பான வேலை. தூக்கமும் பசியும் கெட்டு, நாள் முழுக்க இதே நினைவாக வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஏழாவது முறை தக்காளியைத் தவிர்த்துவிடுங்கள். எட்டாவது முறை வெங்காயத்தைத் தனியாக வதக்குங்கள். அன்று அண்ணனும் வந்தால், மேசையில் வேறு இரண்டு பதார்த்தங்களும் இருக்கட்டும். பயற்றுப் பாத்திரம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும், நீங்கள் பரிமாற வேண்டாம்.