உப்புக்காற்றில் ஒரு எம்.ஜி.ஏ.: வாகனக் கேள்வி–பதில்

கேள்வி: என் வாப்பா 1970களில் சென்னையில் பழைய வண்டியாக வாங்கிய 1957ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளாக, பத்து கிலோமீட்டர் ஓடுவதற்குள் வெப்பமானியின் முள் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ரேடியேட்டரைத் திறந்தால் துரு கலந்த சேறு வருகிறது. ‘பிளாக் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) போய்விட்டது, அம்பாசடர் எஞ்சினை ஏற்றிவிடலாம்’ என்கிறார் இங்குள்ள மெக்கானிக். சென்னை நண்பர், எம்.ஜி.ஏ.வை அடுத்து வந்த எம்.ஜி.பி. காரின் 1,798 சி.சி. எஞ்சினைப் போடச் சொல்கிறார். மருமகனோ புதிய ஜப்பானிய எஞ்சின் என்கிறார். ராமநாதபுரம் வரையும், எப்போதாவது தனுஷ்கோடி வரையும் ஓட்டினால் எனக்குப் போதும். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: மூன்று பேரும் மூன்று எஞ்சினைச் சொல்லியிருக்கிறார்கள், இருக்கிற எஞ்சினைச் சோதித்துப் பார்க்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. பிளாக் போய்விட்டது என்பதற்கு நீங்கள் எழுதியதில் சான்று ஏதும் இல்லை. சேறு அடைத்திருக்கிறது என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அதையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிவந்தால், முன்புறப் பம்பிலிருந்து தொலைவில் இருக்கும் நான்காவது சிலிண்டரைச் சுற்றித்தான் உப்பும் துருவும் முதலில் படியும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின், பிளாக்கின் வலப்பக்கத்தில் பின்கோடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து பாருங்கள். ஏர்வாடிப் பக்கத்தில் ஓர் அம்பாசடரில் நான் அதைத் திறந்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்திய பிறகு, பதநீர்க் கலயத்தின் அடியில் படியும் சுண்ணாம்பைப் போல, ஆனால் செம்பழுப்பு நிறத்தில், கட்டிகட்டியாக விழுந்து, அதற்குப் பின்னரே தண்ணீர் வந்தது. அந்த வண்டிக்கும் ‘பிளாக் போய்விட்டது’ என்றுதான் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். பிளாக்கை வெறுமையாக்கி, பக்கவாட்டில் நீர்ப்பாதையை மூடியிருக்கும் வட்டத் தகடுகளைக் கழற்றி, ரசாயனத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவிய பிறகு, நீர்ப்பாதையில் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். மதுரையில் எஞ்சின் வேலை செய்யும் நல்ல லேத் பட்டறைகளில் இதைச் செய்து தருவார்கள். வெளிச்சுவரில் விரிசல் இருந்தால் அதைத் தைத்துச் சரிசெய்ய முடியும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் இருக்கைகளின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தால் மட்டுமே பிளாக்கைக் கைவிட வேண்டும்.

சோதனையில் பிளாக் தேறிவிட்டால், அதையே புதுப்பிப்பதுதான் என் பரிந்துரை. சிலிண்டரின் மூல விட்டம் 73.025 மில்லிமீட்டர். முந்தைய ரீபோர்களால் (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் வேலை) அது அளவு கடந்து அகன்றிருந்தால் ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்) இறக்கி, மறுபடியும் மூல அளவுக்கே போரிங் செய்து, மூல அழுத்த விகிதமான 8.3க்கு உரிய பிஸ்டன்களைப் போடலாம். ஸ்லீவ் இறக்குவதைத் தரக்குறைவான வேலையாக எண்ண வேண்டாம். சரியான இறுக்கத்தில் இறக்கிய ஸ்லீவ் உங்கள் ஆயுளுக்கும் போதும். கிராங்கைக் கிரைண்டிங் செய்வதற்கு முன் விரிசல் சோதனை கட்டாயம். இந்த 1500 எஞ்சினில் பிஸ்டன் பின்னைக் கனெக்டிங் ராடின் மேல்முனையில் ஒரு சிறிய போல்ட் கவ்விப் பிடித்திருக்கும். பழைய போல்ட்டையே மறுபடியும் முறுக்கிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு என்பதால், நான்கையும் புதிதாக வாங்கி உங்கள் கையால் கொடுத்துவிடுங்கள்.

பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டில் கவனிக்க வேண்டியது வேறு. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைத்த வார்ப்பிரும்பு ஹெட் இது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு, அவை வந்து அமரும் கடினமான சீட்டுகளைப் பதித்துவிட்டால், சீட் தேய்ந்து டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் திறக்கும் நெம்புக்கும் இடையே உள்ளது) குறைந்துகொண்டே போகும் தொல்லை தீரும். இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற எரிபொருள் குழாய்கள் தேவை, எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டின் ஊசிகளையும் சற்றே செறிவான கலவை தரும் வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். கலவை மெலிந்தால் எஞ்சின் இன்னும் சூடாகும், உங்கள் குறையே அதுதானே. ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டு, இனிமேல் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

இனி மற்ற மூன்று யோசனைகள். உங்கள் மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அம்பாசடரின் பழைய ஓ.எச்.வி. (வால்வுகள் ஹெட்டில் இருக்கும் வகை) பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.ஏ. 1500இன் எஞ்சினும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தவை. இரண்டும் 1,489 சி.சி.; இரண்டிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மில்லிமீட்டர். ஆனால் எம்.ஜி.க்கு இரட்டைக் கார்புரேட்டரும் அதற்கேற்ற ஹெட்டும் உண்டு. அம்பாசடர் எஞ்சினை அப்படியே தூக்கி வைத்தால் வண்டி அம்பாசடரைப் போலத்தான் ஓடும். உங்கள் பிளாக் உண்மையிலேயே தேறாது என்றால், அம்பாசடரின் பிளாக்கை மட்டும் எடுத்து, உங்களுடைய ஹெட், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கார்புரேட்டர்களை அதில் பூட்டுவது இரண்டாவது நல்ல வழி. 1990களில் அம்பாசடருக்கு வந்த இசுசூ எஞ்சின் முற்றிலும் வேறு ஜாதி. அதை யாராவது ‘இதுவும் அம்பாசடர்தான்’ என்று தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் அதே குடும்பம்தான். 1964 வரை வந்ததில் மூன்று மெயின் பேரிங், அதற்குப் பின் ஐந்து. மூன்று பேரிங் எஞ்சின் உங்கள் வண்டியில் எளிதாக உட்காரும், ஐந்து பேரிங் எஞ்சினுக்குப் பின்தகடு, ஃப்ளைவீல் என்று மாற்றங்கள் நீளும். 72 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 95 வரும் என்று நண்பர் ஆசை காட்டியிருப்பார். உங்கள் 1500இல் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் என்பதையும், சாதாரண எம்.ஜி.ஏ.யில் முன்சக்கர டிஸ்க் பிரேக் 1959இல் வந்த 1600 மாடலில்தான் தொடங்கியது என்பதையும் அவர் சொன்னாரா? மேடு பள்ளமே இல்லாத நம் கடற்கரைச் சாலையில், பாம்பன் பாலத்தின் மேல் பக்கக்காற்று தள்ளும்போது, கூடுதலாக 23 குதிரைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

மருமகன் சொல்லும் எஞ்சினை நான் ஏற்கவில்லை. அதற்கு கியர்பாக்ஸ், மின்னணுப் பெட்டி, வயரிங் எல்லாம் மாற வேண்டும். உப்புக்காற்றில் அந்த இணைப்பு முனைகள்தாம் முதலில் பச்சை பூக்கும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, ஆர்.சி.யிலும் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு கிடைக்கும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டி அந்தத் தகுதியை இழந்துவிடும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம் என்பதால் இப்போது உங்களுக்கு அது பொருந்தாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் நாளை அதை விரும்பினால், அந்த மூல எஞ்சின் எண் வண்டியில் இருக்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்தப் பிளாக்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக் கொட்டகையில் பழைய அம்பாசடரின் எஞ்சின் தனியாகக் கிடக்கிறது. எம்.ஜி. காருக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா, அவர் வரும்வரை எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: முதலில் அது பெட்ரோல் எஞ்சின்தானா என்று பாருங்கள், அம்பாசடரின் டீசல் எஞ்சினும் 1,489 சி.சி.தான், எம்.ஜி.க்கு அது ஆகாது. ஸ்பார்க் பிளக் துளைகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தால் பெட்ரோல். கிராங்க் கையால் சுழலுமானால் நல்ல விலை கேட்கலாம். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் திறந்து கிடக்கும் எஞ்சினில், வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் உப்புக்காற்று புகுந்து பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். இன்றே பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி, கிராங்கை மெதுவாகச் சில சுற்றுகள் சுழற்றி, பிளக்குகளைத் திரும்பப் பூட்டுங்கள். காற்றும் புகையும் போய்வரும் மேனிஃபோல்டுத் துளைகளை எண்ணெய்த் துணியால் அடைத்து, மண் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல் தூக்கி வையுங்கள். கிராங்கை மாதம் ஒருமுறை ஒன்றேகால் சுற்று திருப்பிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் பிஸ்டன்கள் வேறு இடத்தில் போய் நிற்கும்.