மேஜை விளையாட்டு கேள்வி பதில்: ஓர்க் மந்திரவாதி ஆகக் கூடாதா?

கேள்வி: ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 பதிப்பை ஆடுகிறோம். எனக்கு ஹாஃப்-ஓர்க் (மனிதரும் ஓர்க் என்ற முரட்டு இனமும் கலந்தவர்) மந்திரவாதியாக ஆட ஆசை. "அந்த இனத்துக்கு வலிமைதான் கூடும், அறிவு கூடாது. பேசாமல் எல்ஃப் எடு, குழுவுக்குப் பாரமாக இருக்காதே" என்கிறார்கள் நண்பர்கள். ஆசையை விட்டுவிடட்டுமா?

பதில்: விடாதீர்கள். உங்கள் நண்பர்கள் போட்ட கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

கதாபாத்திரத்தின் ஆறு திறன்களுக்கும் கொடுக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான ஆறு எண்களையே எடுத்துக்கொள்வோம். 15 அறிவுக்கு, 14 சுறுசுறுப்புக்கு, 13 உடலுறுதிக்கு, கடைசி 8 வலிமைக்கு. இனத்தின் கூடுதல் புள்ளிகளைச் சேர்த்தால், ஹை எல்ஃபுக்கு (எல்ஃபில் ஒரு வகை) அறிவு 16, சுறுசுறுப்பும் 16 ஆகிவிடும். ஹாஃப்-ஓர்க்குக்கு அறிவு 15-லேயே நிற்கும். உடலுறுதி 14 ஆகும், வலிமை 10 ஆகும். எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து, பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே இறக்கினால் மாடிஃபையர், அதாவது பகடையில் விழுந்ததோடு கூட்டும் எண். அறிவில் எல்ஃபுக்கு +3, உங்களுக்கு +2. இவ்வளவுதான் சண்டையே! 20 பக்கப் பகடையில் அந்த ஒரு புள்ளி 5 சதவீதம். சராசரியாக இருபது முறை மந்திரத்தால் குறிவைத்தால் ஒரு முறை எல்ஃபுக்குப் படும், உங்களுக்குப் படாது. முதல் லெவலில் உங்கள் மந்திரத்தை எதிரி முறியடிக்க 12 எடுத்தால் போதும், எல்ஃபின் மந்திரத்துக்கு 13 வேண்டும். தயார் செய்து வைக்கும் மந்திரத்தில் ஒன்று குறையும், சுறுசுறுப்பு குறைவதால் கவசத்திலும் ஒரு புள்ளி குறையும். மறைக்கவில்லை, எல்லாம் உண்மையான இழப்புதான்.

ஆனால் மந்திரவாதியின் பெரிய தொல்லை குறி தவறுவது இல்லை, செத்துப்போவது. லெவலுக்கு ஓர் ஆறு பக்கப் பகடை அளவுதான் அவருக்கு உயிர். உங்கள் ஆளுக்கு உடலுறுதியால் ஒவ்வொரு லெவலுக்கும் எல்ஃபைவிட ஒரு புள்ளி கூடுதல். அதற்கு மேல், உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு விழும்போது விழாமல் 1 புள்ளியோடு நிற்கும் திறமை, நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை. நான் நடத்திய ஆட்டத்தில் ஒரு தோழி இதே கூட்டணியைத்தான் எடுத்தார். பள்ளத்தின் விளிம்பில் ஓகர் என்ற பூதம் ஒன்று தடியால் ஒரு போடு போட்டது. வேறு எந்த மந்திரவாதியாக இருந்தாலும் தரையில் கிடந்திருப்பார். இவர் 1 புள்ளியோடு நின்று, அடுத்த முறை வந்ததும் தண்டர்வேவ் என்ற தள்ளிவிடும் மந்திரத்தைப் போட்டார். ஓகர் பத்தடி பின்னால் தள்ளப்பட்டது. பின்னால் தரை இல்லை. அவருடைய மாடிஃபையர் +2-ஆ +3-ஆ என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 2020-இல் வந்த ஒரு துணைநூல், இனத்தின் கூடுதல் புள்ளிகளை வேறு திறனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. ஆட்டம் நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள். 2024 பதிப்பில் அந்தப் புள்ளிகள் இனத்தைவிட்டே விலகி, கதாபாத்திரத்தின் பின்னணிக்குப் போய்விட்டன: படித்த அறிஞரா, படைவீரரா, குற்றவாளியா என்பதைப் பொறுத்துக் கிடைக்கும். எனக்கு அது பிடித்த மாற்றம். இனத்தின் சுவாரசியம் இருட்டில் தெரியும் கண்ணிலும், சாகாமல் நிற்கும் பிடிவாதத்திலும் இருக்கிறது, +2-இல் இல்லை.

கேள்வி: மாடிஃபையர்தான் எல்லாவற்றுக்கும் என்றால் 15, 16 என்ற எண்கள் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி விளையாட்டின்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டு, 2023-இல் திருத்திய விதிகளில் எண்ணையே தூக்கிவிட்டார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஓடிவந்து தாண்டினால் வலிமை எண் எவ்வளவோ அத்தனை அடி தாண்டலாம், முழு இரும்புக் கவசம் போட்டும் வேகம் குறையாமலிருக்க வலிமை 15 வேண்டும், மந்திரவாதி, போர்வீரர் என்று இரண்டாவது தொழில் சேர்க்க உரிய திறன்களில் 13 வேண்டும். மற்றபடி பழக்க தோஷம்தான்.

கேள்வி: பழைய பதிப்புகளை ஆடிய என் சித்தப்பா, "அந்தக் காலத்தில் டுவார்ஃப் (குள்ளர் இனம்) மந்திரவாதி ஆகவே முடியாது" என்கிறார். கதை விடுகிறாரா?

பதில்: இல்லை, குறைத்தே சொல்லியிருக்கிறார். 1974-இல் வந்த முதல் பதிப்பில் டுவார்ஃப் என்றால் போர்வீரர்தான், அதுவும் 6-ஆம் லெவலோடு சரி. ஹாஃப்லிங் என்ற சிற்றுருவ இனத்தவர் 4-ஆம் லெவலில் நின்றுவிடுவார். மனிதருக்கு மட்டும் உச்சவரம்பே இல்லை. 1978 நூலில் கூட்டல் கழித்தல் வந்தது: டுவார்ஃபுக்கு உடலுறுதி +1, வசீகரம் −1, எல்ஃபுக்குச் சுறுசுறுப்பு +1, உடலுறுதி −1, ஹாஃப்-ஓர்க்குக்கு வலிமையிலும் உடலுறுதியிலும் +1, வசீகரத்தில் −2. பெண் கதாபாத்திரங்களின் வலிமைக்குத் தனி உச்சவரம்பு வேறு! அதைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. 1981-இன் அடிப்படைப் பதிப்பில் எல்ஃப், டுவார்ஃப் என்பதே ஒரு தொழில். நீங்கள் எல்ஃப் என்றால் எல்ஃப் வேலைதான் பார்ப்பீர்கள்.

2000-இல் அந்தத் தடைகள் போயின. கழித்தல் போகவில்லை: ஹாஃப்-ஓர்க்குக்கு வலிமையில் +2 கொடுத்துவிட்டு, அறிவிலும் வசீகரத்திலும் இரண்டிரண்டு பிடுங்கிக்கொண்டார்கள். என்ன வியாபாரம் இது! 2008 பதிப்பில்தான் கழித்தல் ஒழிந்தது. அப்புறமும் 2016-இல் ஒரு துணைநூலில் ஓர்க்குக்கு அறிவில் −2 எட்டிப் பார்த்தது, 2020-இல் நீக்கினார்கள். சித்தப்பாவை உங்கள் மேஜைக்கு ஒருநாள் கூப்பிடுங்கள், டுவார்ஃப் மந்திரவாதியைக் கையில் கொடுங்கள்.

கேள்வி: பகடை உருட்டித்தான் திறன்களை எடுத்தோம். ஒருவனுக்கு 18, 17, 16. எனக்கு அதிகபட்சமே 13. ஆட்டம் முழுக்க அவனுக்குப் பின்னால்தான் நடக்கிறேன்.

பதில்: நான்கு ஆறு பக்கப் பகடைகளை உருட்டி, சிறியதை விட்டுவிட்டுக் கூட்டினால் சராசரி 12.24. ஆனால் சராசரி நான்கு பேருக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. 18 விழும் வாய்ப்பு 1.6 சதவீதம், அது யாரோ ஒருவர் மடியில்தான் விழும். ஒரே மாலையில் முடியும் கதைக்கு இது வேடிக்கை. மாதக்கணக்கில் ஓடும் கதைக்கு என் மேஜையில் இதை விடுவதில்லை. எல்லோரும் சேர்ந்து ஆறு எண்களை உருட்டுவோம். அதே ஆறைத்தான் அத்தனை பேரும் அவரவர் விருப்பப்படி அடுக்கிக்கொள்ள வேண்டும். உருட்டும் பரபரப்பும் இருக்கும், வயிற்றெரிச்சலும் இருக்காது. நடுவழியில் இருக்கும் உங்கள் ஆட்டத்துக்கு, 27 புள்ளி முறையில் (27 புள்ளியைச் செலவழித்துத் திறன் எண்களை வாங்குவது) உங்கள் ஆளை மறுபடி கட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி: மனிதருக்கு ஆறு திறனிலும் +1 என்று பார்த்ததும் ஆசைப்பட்டு எடுத்தேன். ஆனால் ஒன்றும் பெரிதாகக் கூடினமாதிரி தெரியவில்லையே?

பதில்: 15, 14, 13, 12, 10, 8-ஐ வைத்து எடுத்திருப்பீர்கள். +1 சேர்த்தால் 16, 15, 14, 13, 11, 9. மாடிஃபையர் மாறியது 15-க்கும் 13-க்கும் மட்டுந்தான், மீதி நான்கும் வீண். 27 புள்ளி முறையில் 15, 13, 13, 11, 11, 9 என்று எல்லாவற்றையும் ஒற்றைப்படையாக வாங்குங்கள். 26 புள்ளி செலவாகும். +1 சேர்த்தால் 16, 14, 14, 12, 12, 10. ஆறு மாடிஃபையரும் ஒருபடி ஏறும். மிஞ்சுகிற ஒரு புள்ளியை எங்கே போட்டாலும் மாடிஃபையர் ஏறாது, விட்டுவிடுங்கள்.