அம்பு எந்தப் பக்கம் போகோணும்?

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறா. சமனிலியை, அதுதான் < > குறி போட்ட கணக்கை, எண்கோட்டில குறிக்கச் சொன்னால் ஒருக்கா வட்டத்தை நிரப்புறா, ஒருக்கா சும்மா விடுறா, அம்பும் பக்கம் மாறிப்போகுது. குறியின்ர கூர் பாக்கிற பக்கம் கீறினால் சரி எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். சரியோ?
- ஒரு அம்மா, கொக்குவில்

பதில்: அதை முதல்ல மறக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. எக்ஸ் < 3 எண்டால் கூர் இடப்பக்கம், இடப்பக்கம் கீறினால் சரிதான், ஆனா அதையே 3 > எக்ஸ் எண்டு மாத்திப் போட்டால் கருத்து ஒண்டுதான் கூர் மட்டும் வலப்பக்கம் திரும்பிடும், பிள்ளையும் அந்தப்பக்கமே கீறிப்போட்டு வந்து நிக்கும். எக்ஸுக்கு 0 போட்டுப் பாக்கப் பழக்குங்கோ. 3 ஐ விட 0 சின்னன்தானே, உண்மை வந்திட்டுது, அப்ப 0 இருக்கிற பக்கம்தான் அம்பு.

வட்டத்துக்கு, 18 வயசு ஆனால் வோட் போடலாம், 18 உம் சேர்த்தி, நிரப்போணும். 18 க்குக் குறைஞ்ச ஆக்களுக்கு அதே இடத்தில வெறும் வட்டம். குறிக்குக் கீழ கோடு இருந்தால் நிரப்புறது, அவ்வளவுதான். > < குறியள் இங்கிலாந்துக் கணிதர் தோமஸ் ஹரியற் செத்தாப்பிறகு 1631 இல வந்த அவற்ற புத்தகத்தில அச்சானது, கீழ கோடு போட்டு எழுதினது பிரெஞ்சுக்காரர் பியர் பூகே, 1734 இல. அந்தச் சின்னக் கோட்டுக்கு நூறு வருசத்துக்கு மேல எடுத்திருக்கு, அதைப் பாக்காமல் விடலாமோ?

கன பிள்ளையளுக்குச் சோதினையில மாக்ஸ் போறது இதிலதான்: கேள்வியில நிறைவெண் (பின்னமில்லாத முழு எண்) தீர்வுகள் எண்டு இருந்தால் கோடு கீறப்படாது. ஓட்டோவில ஆகக்கூட 3 பேர் எண்டால் 0, 1, 2, 3 இல நாலு புள்ளி மட்டும்தான், ரெண்டரைப் பேர் ஏறேலாதே. சீனி 3 கிலோ வரைக்கும் எண்டால் ரெண்டரையும் வாங்கலாம், அப்ப முழுக்கோடு.

சயத்தால, அதுதான் − எண்ணால, வகுக்கேக்க குறி ஏன் திரும்புது எண்டு கட்டாயம் கேப்பா. கடதாசித் துண்டில எண்கோட்டைக் கீறி, கொப்பியில கீறின அதே மாதிரிக் கோட்டுக்கு மேல வச்சு, 0 இல குண்டூசி குத்தி அரைச்சுத்துச் சுத்தச் சொல்லுங்கோ. 2 போய் −2 இல இருக்கும், 5 போய் −5 இல. முந்தி 5 க்கு இடப்பக்கம் நிண்ட 2 இப்ப வலப்பக்கம். அதாலதான் −2எக்ஸ் < 6 ஐ −2 ஆல வகுத்தால் எக்ஸ் > −3 எண்டு வருது.

இண்டைக்கே −எக்ஸ் ≥ 2 எண்டு ஒண்டு குடுத்துப் பாருங்கோ. 0 போட்டால் பொய் வரும், அதால 0 இல்லாத பக்கம் அம்பு, −2 இல நிரப்பின வட்டம்.