ஐக் ஏன் திரும்பி வருவதில்லை?

வணக்கம் அண்ணா,

ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் வீடியோ கேம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒரு வருடமாக அதில் வரும் வாள்வீரன் ஐக்கை வைத்துத்தான் ஆடுகிறேன். ஸ்டேஜில், அதாவது சண்டை மேடையில், நிற்கும்வரை யாரைப் பார்த்தும் பயமில்லை. வெளியே தூக்கி அடித்துவிட்டால் அதோடு சரி. உடனே டபுள் ஜம்ப் (காற்றிலேயே இன்னொரு குதிப்பு) போட்டு, கிட்டே வந்ததும் அப் ஸ்பெஷல் (மேலே எழும்பும் சிறப்பு அடி) அடிக்கிறேன். லெட்ஜை, அதாவது மேடையின் விளிம்பைப் பிடிக்கப் போகிற நேரத்தில் எதிராளி ஒரு அடி கொடுத்துக் கீழே தள்ளிவிடுகிறார். ஐக்கின் ரெகவரியே (மேடைக்குத் திரும்பி வருவதே) மோசம், ஆளை மாற்று என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு மாற்ற மனமில்லை. என்ன செய்யலாம்?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ஆளை மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, 'உடனே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. மற்ற சண்டை விளையாட்டுகளில் உயிர்க்கோடு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. 1999இல் முதல் ஸ்மாஷ் பிரதர்ஸ் வந்தபோது அதை உருவாக்கிய மசாஹிரோ சகுராய் அந்தக் கோட்டையே எடுத்துவிட்டார். அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், ஏற ஏற அதிக தூரம் பறந்து போவீர்கள், அவ்வளவுதான். திரையின் எல்லையைத் தாண்டினால் மட்டுமே சாவு. அதனால் 150 சதவீதத்தில் இருப்பவரும் ஸ்டேஜுக்குத் திரும்பிவிட்டால் உயிரோடுதான் இருக்கிறார். திரும்பி வருவது இந்த விளையாட்டில் பாதி என்றே நான் சொல்வேன். ஆனால் பத்து பேரில் ஒன்பது பேர் அடிப்பதற்கு மட்டும்தான் பயிற்சி எடுக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஐக். வெளியே பறந்துகொண்டிருக்கும்போது உங்கள் கையில் என்னென்ன இருக்கிறது? ஒரு டபுள் ஜம்ப். ஒரு ஏர் டாட்ஜ் (காற்றிலேயே அடியிலிருந்து நழுவுவது), அதுவும் அல்டிமேட்டில் தரையையோ லெட்ஜையோ தொடும்வரை ஒரே தடவைதான். சைடு ஸ்பெஷல், அதாவது பக்கவாட்டில் பாயும் குவிக் டிரா. அப் ஸ்பெஷல், அதாவது ஈதர். கடைசி இரண்டில் எதைப் போட்டுத் தவறவிட்டாலும் அதன்பிறகு எதுவும் செய்ய முடியாமல் விழுவீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசே செலவாகாத ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கை ஸ்டேஜ் பக்கம் சாய்த்துக்கொண்டு சும்மா விழுவது. இதை யாரும் பயன்படுத்துவதில்லை. விழுகிறோம் என்றதும் பயம் வந்து, கட்டைவிரல் தானாக ஜம்ப் பட்டனுக்குப் போய்விடுகிறது. அல்டிமேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: அடி வாங்கிப் பறக்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால், விளையாட்டு அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, உடம்பு விடுபட்ட முதல் ஃப்ரேமிலேயே (திரையில் ஓடும் ஒரு படத்துணுக்கிலேயே) ஜம்ப்பைப் போட்டுவிடும். நீங்கள் முடிவு எடுக்கவே இல்லை, ஜம்ப் போய்விட்டது.

அப்போது எதிராளி பக்கம் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். நீங்கள் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறீர்கள், அங்கே இன்னும் கொஞ்சம் மேலே எழும்பினீர்கள். உங்கள் டபுள் ஜம்ப் போனதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். இனி உங்களால் எங்கே வர முடியும், எப்போது வர முடியும், இரண்டும் அவருக்குத் தெரியும். அவசரமே இல்லாமல் லெட்ஜுக்கு நடந்து வந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்கிறார். ஐக் வேகமில்லாதவர் என்பதால் அடி படவில்லை தம்பி, வருகிற நேரம் தெரிந்துவிட்டதால்தான் படுகிறது.

ஈதரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஐக் வாளை நேராக மேலே வீசுகிறார், பின்னாலேயே எழும்பி அதைப் பிடிக்கிறார், அப்புறம் வாளோடு கீழே இறங்குகிறார். பக்கவாட்டில் அது ஏறக்குறைய நகர்வதே இல்லை. அதனால் பக்கவாட்டு தூரத்தை நீங்கள் முன்கூட்டியே கடந்திருக்க வேண்டும். சாய்ந்து விழுந்து பாதி, டபுள் ஜம்ப்பில் மீதி. ஜம்ப்பை லெட்ஜின் உயரத்துக்குக் கீழே இறங்கின பிறகு, ஸ்டேஜின் பக்கச் சுவரை நோக்கிப் போடுங்கள். சுவரை ஒட்டிய பிறகு ஈதர். இப்படிக் கீழேயிருந்து வந்தால் ஒரு பெரிய லாபம், உங்கள் தலை வருவதற்கு முன்னால் சுழலும் வாள் லெட்ஜுக்கு மேலே வந்துவிடுகிறது. விளிம்பில் குனிந்து காத்திருப்பவர் ஒன்று அடி வாங்குவார், இல்லை பின்வாங்குவார். நீங்கள் இப்போது செய்வது போல உயரத்திலிருந்து ஈதர் போட்டால் ஐக் லெட்ஜைத் தாண்டி மேலே போய், மொத்த உடம்பையும் காட்டிக்கொண்டு இறங்குகிறார்.

லெட்ஜைப் பிடிக்கும் அந்த நேரம் பற்றிக் கேட்டீர்கள். அது உங்கள் கற்பனை இல்லை. இந்த விளையாட்டு வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. லெட்ஜைப் பிடித்ததும் அடி படாத பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் அதற்கு முன் 2 ஃப்ரேம் உடம்பு திறந்தே இருக்கும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன இடைவெளியில் ஒருவர் தொடர்ந்து உங்களை அடிக்கிறார் என்றால் அவர் கண் வேகம் காரணமில்லை, நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே தாளத்தில் வருவதுதான் காரணம். அதனால் தாளத்தை மாற்றுங்கள். ஒரு தடவை ஈதருக்கு முன் அரை நொடி கூடுதலாக விழுங்கள். இன்னொரு தடவை, தொலைவில் ஸ்டேஜ் உயரத்திலேயே இருந்தால் குவிக் டிரா. அவர் ஷீல்டு (தடுப்புக் கேடயம்) பிடித்தால் நீங்கள் மாட்டுவீர்கள்தான், ஆனால் அது வரலாம் என்ற எண்ணம் அவர் மனதில் இருந்தாலே லெட்ஜில் சாவகாசமாக நிற்க மாட்டார்.

சில பேர் லெட்ஜில் நிற்க மாட்டார்கள், குதித்து வெளியே வந்தே அடிப்பார்கள். அப்போதுதான் சேமித்து வைத்த டபுள் ஜம்ப்பின் அருமை தெரியும். ஜம்ப் கையில் இருந்தால் அவருக்கு மேலே எழும்பித் தப்பலாம், இல்லை எழும்பியபடியே ஐக்கின் நீளமான வாளால் அவரை வெட்டலாம். வெளியே வந்தவருக்கும் கீழே பள்ளம்தான், அவரும் திரும்பிப் போயாக வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். ஏர் டாட்ஜை லெட்ஜுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவானில் போட்டுவிட்டு அது முடியும்வரை காத்திருப்பது பெரிய ஆபத்து. சுவரை ஒட்டி வரும்போது எதிராளி உங்களை அடித்து சுவரில் மோத வைத்தால், மோதுவதற்குச் சற்று முன்னால் ஷீல்டு பட்டனை அழுத்துங்கள், சுவரில் ஒட்டிச் சமாளிப்பீர்கள்.

மெலீ என்ற பழைய ஸ்மாஷ் பதிப்பின் வீடியோக்களைப் பார்த்துப் பழகுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2001இல் வந்த அந்த ஆட்டத்தில் ஒருவர் லெட்ஜில் தொங்கினால் அடுத்தவருக்கு இடமில்லை, விழுந்து சாக வேண்டியதுதான். 2014இல் நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கு வந்த பதிப்பிலிருந்து பின்னால் பிடிப்பவர் முன்னால் தொங்குபவரைத் தள்ளிவிடுகிறார். ஆகவே லெட்ஜில் ஆள் இருக்கிறாரே என்று பயந்து லெட்ஜுக்கு மேலே எழும்பி வராதீர்கள்.

லெட்ஜைப் பிடித்துவிட்டீர்கள், சரி. வேலை முடியவில்லை. நானே பல மாதம் இங்கேதான் தோற்றேன். ஒரு நண்பரோடு கடைசி உயிரில் ஆடி, கஷ்டப்பட்டு லெட்ஜுக்கு வந்து, பிடித்த கையோடு உள்ளே உருண்டேன். அவர் அங்கே வாளை ஓங்கிக்கொண்டு நின்றார். அன்று இரவு ரீப்ளேயைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஆட்டம் முழுக்க ஒவ்வொரு தடவையும் உருண்டிருக்கிறேன். நேராக எழுவது, உருள்வது, அடித்துக்கொண்டு எழுவது, குதிப்பது, கையை விட்டு இறங்கி மறுபடி குதிப்பது என்று அத்தனை வழி இருக்க, பயத்தில் ஒன்றையே பிடித்துக்கொண்டேன். லெட்ஜைத் தொட்டதும் டபுள் ஜம்ப் திரும்பக் கிடைத்துவிடுகிறது, ஆகவே ஒரு கணம் தொங்கி, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு எழுங்கள். ஒட்டி நின்றால் உருளலாம், தள்ளி நின்றால் நேராக எழலாம். விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டே இருக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தரையைத் தொடாமல் இரண்டாவது தடவை பிடித்தால் பாதுகாப்பு கிடையாது, ஆறு தடவைக்கு மேல் பிடிக்கவே முடியாது.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். டிரெய்னிங்கில் ஃபைனல் டெஸ்டினேஷன் என்ற ஸ்டேஜை எடுத்து, ஐக்கை ஓரத்திலிருந்து கீழே விடுங்கள். ஜம்ப் போடாமல் எவ்வளவு ஆழம்வரை இறங்கினால் ஈதர் எட்டும் என்று பாருங்கள். முதல் சில தடவை செத்துப்போவீர்கள், பரவாயில்லை. அந்த எல்லைக்கோடு கண்ணுக்குப் பழகிவிட்டால், விழும்போது பயம் குறையும், ஜம்ப் பட்டனில் கை போகாது. அடுத்து உங்கள் நண்பர் ஒருவரை லெட்ஜில் நிற்கச் சொல்லுங்கள், அவர் வேலை தடுப்பது மட்டும், உங்கள் வேலை வருவது மட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

இரண்டு வாரம் கழித்து, தோற்ற ஆட்டம் ஒன்றின் ரீப்ளேயைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வெளியே போன ஒவ்வொரு தடவையும் ஜம்ப்பை எந்த உயரத்தில் போட்டீர்கள் என்று மட்டும் குறித்து அனுப்பினால் போதும். மீதியை அப்போது பேசலாம்.

அன்புடன்,
அண்ணா