வாசல் விளக்கையும் கராஜ் விளக்கையும் ஒரே ஸ்மார்ட் சுவிட்சில் சேர்க்கலாமா?

உங்கள் டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில் இரண்டும் தனித்தனி பிரேக்கரில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் கம்பிகளைச் சேர்த்து முறுக்கவே கூடாது. ஒன்றை அணைத்துவிட்டுக் கை வைப்பீர்கள், மற்றது வழியாக 230 வோல்ட் அதே கம்பியில் நிற்கும். என் அத்தை வீட்டில் பிரேக்கரை இறக்கிய பிறகும் டெஸ்டர் சிவப்பாக எரிந்ததை நானே பார்த்தேன். நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) மட்டும் பக்கத்து மின்சுற்றிலிருந்து கடன் வாங்குவதும் வேண்டாம், எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்ச்) உள்ள சுற்றும் இல்லாத சுற்றும் கலந்தால் அது விழுந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் ஆபத்து, மெயினை அணைத்தாலும் அது மின்சாரம் தரும்.

இரண்டு ஸ்மார்ட் சுவிட்ச் போட்டு, ஆப்பில் ஒரே குழுவாக்குங்கள். ஒரு தட்டில் இரண்டும் எரியும்.

அப்புறம், கீசரை 10 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்சில் மாட்டாதீர்கள். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள், முடித்ததும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.