பனஞ்சிலாகையில் பேனை: பிசின் ஏற்றிய கட்டை வாங்கவேண்டுமா?

கேள்வி: பழைய கூரையில் கழற்றிய பனஞ்சிலாகையில் பேனை கடைகிறேன். மூன்று கட்டை துளையிடும்போதே பிளந்தன; நான்காவது உளி பட்டதும் தும்பு தும்பாகப் போனது. பிசின் ஏற்றிய கட்டை (காற்றை உறிஞ்சி எடுத்துப் பிசினை மரத்துக்குள் புகுத்தி, சூட்டில் இறுகவைத்தது) வாங்கட்டா, வக்யூம் பம்பியும் பிசினும் வாங்கி நானே ஏற்றட்டா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: பனைக்கு இரண்டுமே வேண்டாம். பனையின் கறுப்பு நார் மிகக் கடினம், அதைச் சுற்றியுள்ள சோற்றியோ மென்மை. துளையிடும் அலகோ உளியோ மழுங்கியிருந்தால் நாரை வெட்டாமல் பிடுங்கும்; அதுதான் உங்களுக்கு நடந்தது. கறுப்பு நெருக்கமாக உள்ள வைரப் பக்கத்தையே எடுங்கள். வெட்டுமுகத்தில் நகம் பதிந்தால் அந்தத் துண்டை விடுங்கள். ஆணி ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காசைப் புதிய 7 மில்லிமீற்றர் அலகிலும், தண்ணீர்போல ஓடும் சுப்பர் குளூவிலும் போடுங்கள். மெல்லிய இரட்டைக்குழாய்ப் பேனைக்குத் துளைக்குள் ஒட்டும் பித்தளைக் குழாய் ஒவ்வொன்றும் சுமார் 53 மில்லிமீற்றர் நீளம். கட்டையை 65 ஆக அறுத்து, மறுமுனைக்கு முன்பே துளையை நிறுத்தி, மிச்சத்தை வாளால் அறுத்துவிடுங்கள். அலகு வெளியே வரும் இடத்தில்தான் கட்டை வெடிக்கும். கொஞ்சம் துளைத்ததும் அலகை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள், சூடேறினாலும் பிளக்கும்.

குழாயை அரத்தாளால் சுரண்டி எபொக்சியால் ஒட்டுங்கள். சுப்பர் குளூ பாதி வழியில் இறுகிக் குழாயைச் சிக்கவைத்துவிடும். எபொக்சி எங்காவது எட்டாமல் வெற்றிடம் விட்டால், கடையும்போது மரம் உடைவது அந்த இடத்தில்தான்.

கட்டை உருளையானதும் அந்தத் தண்ணீர்போன்ற சுப்பர் குளூப் பசையை ஊறவிட்டு, காய்ந்தபின் கடையுங்கள். ஒன்றரை மில்லிமீற்றர் மீதி இருக்கையில் இன்னொருமுறை. உளியை அப்போதே தீட்டுங்கள். பசையைப் பருத்தித் துணியால் துடைக்கவேண்டாம், அது சூடேறிப் புகையும். காகிதத் துண்டு போதும். யன்னலைத் திறந்துவையுங்கள்.

உக்கல் பிடித்துக் கோடு விழுந்த மாங்கட்டை என்றால் கதை வேறு. பசை மேலோடு நின்றுவிடும், உள்ளே போகாது. அதற்குப் பிசின் ஏற்றிய கட்டையே வாங்குங்கள். ஐந்தாறு பேனைக்காகப் பம்பி வாங்குவது வீண்செலவு. ஒரே அளவுக் கட்டைகளில் பாரமானதை எடுங்கள். முடிந்தால் ஒன்றைக் குறுக்கே அறுத்து நடுவரை பிசின் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறையச் செய்வதாக இருந்தால் மட்டும் பம்பி. அப்போதும் கட்டையை முதலில் 105 பாகை செல்சியசில் ஒரு நாள் உலர்த்தி, சூடு ஆறும்வரை பொலித்தீனில் கட்டிவையுங்கள். நம்மூர்க் கடற்காற்றில் மரம் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும், ஈரம் இருந்த இடத்தில் பிசின் இறுகாது. பிசினைச் சமையல் அவனில் சுடவேண்டாம்.