குத்தகை வளவில் டைனோ இறக்க முன்

கேள்வி: ஆரையம்பதியில் வீட்டு வளவொன்றை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து கராஜ் நடத்துகிறேன். சாதாரணத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தோம். வாகனத்தின் பவர் பார்க்கும் ரோலர் டைனோ ஒன்றைக் குழி வெட்டி இறக்கப் போகிறேன். பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்வோம் என்கிறார்கள். நான் என்ன செய்யவேண்டும்?

பதில்: குழியை இப்போது வெட்டாதீர்கள். அயலவரைவிட அந்தத் தாள்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் எழுதவேண்டும். இல்லையேல் அந்த ஐந்து வருடத்தைக் காட்டி நீங்கள் உரிமை கோர முடியாது.

அடுத்தது மெஷின். நிலத்தோடு நிலையாகப் பொருத்தியது நிலத்துக்குரியவருக்கே சேரும் என்பது நம் ரோமன்-டச்சுச் சட்டம். கொங்கிரீட்டில் போல்ட் அடித்து இறக்கிய ரோலரை, நாளைக்கு வளவுக்காரர் “இது என் காணியோடு சேர்ந்தது” என்று வாதாட இடமுண்டு. ஆகவே நொத்தாரிசு எழுதும் புதிய குத்தகை உறுதியில் மூன்று விடயங்களை எழுதுவியுங்கள்: மெஷின் உங்களுடையது, குத்தகை முடியும்போது கழற்றிக்கொண்டு போகலாம், குழியை நீங்களே நிரப்பித் தருவீர்கள். பிறகு அதை மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். வளவு கைமாறினாலும் அது காக்கும்.

என் அபிப்பிராயம், குழியே வேண்டாம். தரைக்கு மேலே இரும்புச் சட்டமும் ஏறுபலகையும் வைக்கும் வகை, கழற்றக்கூடியது என்று காட்ட இலகு. அத்தோடு நம் கரையோர மணலில் மாரியில் குழிக்குள் தண்ணீர் ஊறும். பெயாரிங்கும், விசையை அளக்கும் லோட் செல்லும் துருப்பிடிக்கும்.

இரைச்சல்தான் அயலவரின் பலம். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபை எல்லைக்குள் உங்கள் மதில் எல்லையில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. பக்கத்துக் காத்தான்குடி நகரசபைக்குள் என்றால் பகலில் 63, இரவில் 50. டைனோவில் ஓடும் வாகனத்தின் சைலன்சரிலிருந்து 1 மீற்றரில் 100 டெசிபெல் என்று வையுங்கள்: தூரம் இரட்டிக்க 6 குறையும், 16 மீற்றரில் இன்னும் 76 இருக்கும். திறந்த கொட்டிலில் இது ஒருபோதும் சரிவராது. நாலு பக்கமும் கல் சுவர், அடைத்த கூரை, புகைக்குழாயிலும் காற்று விசிறியின் வாயிலிலும் தனித்தனி சைலன்சர் வேண்டும். அந்த டெசிபெல் அளவை மீறினால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் தொல்லையை அகற்றக் கட்டளையிடலாம். மெஷின் நின்றுவிடும்.

கராஜுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருந்தாலும், டைனோ சேர்ப்பதைப் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுத்து, கட்டட மாற்றத்துக்கும் அனுமதி கேளுங்கள். அனுமதி கையில் வருமுன் மெஷினுக்கு முழுப்பணம் கட்டாதீர்கள்.

வாகனம் ரோலரை விட்டுப் பாய்ந்தால் பொறுப்பு உங்களுடையது. நாலு மூலையிலும் வாகனத்தை இழுத்துக் கட்டும் பட்டி, சுழலும் பாகங்களுக்கு மறைப்பு, ஓட்ட முன் டயர் பரிசோதனை, இவற்றை எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் “எனக்குப் பரவாயில்லை” என்று வைக்கும் கையெழுத்து, உங்கள் கவனயீனத்துக்கு முழுக் காப்பாகாது.